நாற்பது நாள் நோன்பு: தவக்காலம் தோன்றி வளர்ந்த வரலாறு

மாசித் திங்கள் பிறந்து பனி விலகும் வேளையில், நம் காலனியிலுள்ள கிறிஸ்தவ இல்லங்கள் சிலவற்றில் ஒரு மாறுதல் தோன்றும். அடுக்களையில் புலால் மணம் அடங்கும். திருமணப் பேச்சுகள் ஈஸ்டருக்குப் பின்னர் என்று தள்ளிவைக்கப்படும். வெள்ளிதோறும் மாலையில் குடும்பத்தினர் கோயிலுக்குச் சென்று சிலுவைப்பாதை வழிபாட்டில் கலந்துகொள்வர். அண்டை வீட்டார் இவற்றைக் காண்கின்றனர். ஆயினும் இஃது என்ன விரதம், எத்தனை நாள், எதன்பொருட்டு என்று வினவுவோர் சிலரே. வினவினாலும், 'ஈஸ்டருக்கு முந்திய நோன்பு' என்ற அளவில் விடை முடிந்துவிடுகிறது.

ஒரே சுவரை இருபுறமும் பகிர்ந்து வாழும் நமக்கு, அச்சுவரின் மறுபக்கத்தில் நிகழ்வதன் வரலாறு தெரிந்திருத்தல் நலம் என்று கருதுகிறோம். அந்நோன்பை நோற்கும் இல்லத்துப் பிள்ளைகளுக்கும் அது தெரிந்திருத்தல் வேண்டும். பள்ளியிறுதி வகுப்பளவே பயின்று, கோப்புகளுக்கிடையே நாட்களைக் கழிக்கும் நமக்குச் சமயத் தத்துவம் பேசும் தகுதி இல்லை. நிகழ்ந்தவற்றைக் காலமுறைப்படி வரிசைப்படுத்தி உரைத்தல் எழுத்தர் தொழிலுக்கு அயலானது அன்று. அவ்வளவே ஈண்டு முயல்கிறோம்.

பெயரும் நாளும்

தமிழ்க் கத்தோலிக்கர் இக்காலத்தைத் தவக்காலம் என்பர். அவர்தம் முன்னோர் தபசு காலம் என்றனர். சீர்திருத்தச் சபையினர் லெந்து காலம் என்று வழங்குவர். லெந்து என்பது ஆங்கிலத்தினின்று வந்த சொல். பழைய ஆங்கிலத்தில் அது வசந்த பருவத்தைக் குறித்து நின்றது. இலத்தீன் மொழியிலோ இக்காலத்தின் பெயர் நாற்பது என்னும் எண்ணினின்று பிறந்தது. ஆக, ஒரு மொழி பருவத்தாலும், ஒரு மொழி எண்ணாலும், நம் மொழி செயலாலும் இதற்குப் பெயரிட்டுள்ளன. தவத்துக்கென ஓர் அதிகாரத்தையே திருக்குறளில் உடைய மொழிக்கு இப்பெயர் இயல்பாகவே பொருந்திவிட்டது.

ஆண்டுதோறும் விடுமுறைப் பட்டியல் வந்தவுடன் பெரிய வெள்ளி எந்நாளில் விழுகிறது என்று நம்மிற் பலர் தேடுகிறோம். கிறிஸ்துமஸ் நாள் மாறுவதில்லை; பெரிய வெள்ளியும் ஈஸ்டரும் மாறுகின்றன. இதன் காரணம் நம் பஞ்சாங்கம் அறிந்தோர்க்கு எளிதில் விளங்கும். இளவேனிற் சமநாளாகக் கொள்ளப்படும் மார்ச் 21 அன்றோ அதன் பின்னரோ வரும் முதற் பௌர்ணமியை அடுத்த ஞாயிறே ஈஸ்டர். அதாவது, இப்பெருநாள் சூரியன், சந்திரன், கிழமை ஆகிய மூன்றையும் சார்ந்தது. எனவே மேற்றிசைச் சபைகளின் கணக்கில் அது மார்ச் 22 முதல் ஏப்ரல் 25 வரை எந்த ஞாயிற்றிலும் வரக்கூடும். 2024-இல் மார்ச் 31-லும், 2025-இல் ஏப்ரல் 20-லும் வந்தது.

ஈஸ்டருக்கு 46 நாட்களுக்கு முந்திய புதன்கிழமை தவக்காலத்தின் தொடக்கம். நாற்பது நாள் நோன்புக்கு நாற்பத்தாறு நாள் ஏன் என்று ஐயுறலாம். இடையில் ஆறு ஞாயிறுகள் உள்ளன. ஞாயிறு, கிறிஸ்து உயிர்த்தெழுந்த நாளின் நினைவு ஆதலின், அன்று நோன்பு இல்லை. அவ்வாறு நாட்களையும் கழித்தால் நாற்பது எஞ்சும்.

நாற்பது என்னும் எண் விவிலியத்தில் பலகால் வருவது. மோசே சீனாய் மலையில் நாற்பது நாள் உண்ணாதிருந்தார். எலியா இறைவாக்கினர் ஓரேபு மலையை அடைய நாற்பது நாள் நடந்தார். இயேசு, மக்களுக்குப் போதிக்கப் புறப்படுமுன் பாலைநிலத்தில் நாற்பது நாள் நோன்பிருந்தார். பெரும் பணி ஒன்றுக்கு முன்னே நிற்கும் ஆயத்த காலம் என்பதே இவ்வெண்ணின் குறிப்பு.

முதல் நூற்றாண்டுகள்

தவக்காலம் தொடக்கத்திலேயே நாற்பது நாளாக அமைந்துவிடவில்லை. 2-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஈஸ்டர் நாளைப் பற்றி ஆசியச் சபைகளுக்கும் ரோமாபுரிக்கும் இடையே பூசல் மூண்டது. அப்போது கால் நாட்டின் லியோன் நகர ஆயராயிருந்த இரேனேயு, ரோமாபுரி ஆயர் விக்டருக்கு ஒரு கடிதம் விடுத்தார். அதன் பகுதியை யூசேபியு என்னும் வரலாற்றாசிரியர் தம் நூலில் காத்து வைத்துள்ளார். சிலர் ஒரு நாள் நோற்கின்றனர், சிலர் இரு நாள், சிலர் அதனினும் மிகுதி, சிலர் நாற்பது மணி நேரம் என்று இரேனேயு அதிற் குறிப்பிடுகிறார். இவ்வேறுபாடு இருந்தும் அவர்களிடையே சமாதானம் நிலவியது என்றும், நோன்பின் வேற்றுமையே நம்பிக்கையின் ஒற்றுமைக்குச் சான்றாகிறது என்றும் அவர் எழுதியதன் கருத்து அமைந்துள்ளது. நோன்பைப் பற்றிய பழைய சான்றுகளுள் ஒன்று, விதியை வலியுறுத்தும் ஆணையாக அமையாமல் சண்டை வேண்டா என்னும் வேண்டுகோளாக அமைந்திருப்பது நம் கருத்தைக் கவர்கிறது.

கி.பி. 325-இல் நிசேயா நகரில் ஆயர்களின் பெருஞ்சங்கம் கூடியது. அதன் ஐந்தாம் விதியில்தான் 'நாற்பது' என்னும் சொல் இக்காலத்தின் பெயராக முதன்முதல் தெளிவுறக் காணப்படுகிறது. அவ்விதி உணவைப் பற்றியது அன்று. ஆயர் ஒருவர் யாரையேனும் சபையினின்று விலக்கி வைத்தால், அது முறையான விலக்கா, அன்றி மனத்தாங்கலால் விளைந்ததா என்று விசாரிக்க ஆண்டுக்கு இருமுறை ஆயர்கள் கூடவேண்டும் என்பதே அதன் பொருள். இவற்றுள் ஒரு கூட்டம் நாற்பது நாட்களுக்கு முன்னரே நடைபெறல் வேண்டும் என்றும், கசப்பெல்லாம் நீங்கிய பின்னரே தூய காணிக்கை செலுத்தப்படல் வேண்டும் என்றும் விதி கூறுகிறது. ஆகவே நாற்பது நாள் தொடங்குமுன் வழக்குகள் தீர்க, பகை ஒழிக என்பது தொடக்க காலத்து ஏற்பாடு.

எகிப்தில் இவ்வழக்கம் பரவச் சிறிது காலம் பிடித்தது. அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியார், 4-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், உலகமெல்லாம் நோற்கும்போது எகிப்தில் உள்ளோர் மட்டும் நோலாதிருந்து நகைப்புக்கு இடமாகலாகாது என்று தம் மக்களுக்கு அறிவிக்கச் செய்தார். 5-ஆம் நூற்றாண்டில் எழுதிய சோக்ரத்தேசு என்னும் சபை வரலாற்றாசிரியர், ஊருக்கு ஊர் நாட்கணக்கும் உணவுக் கட்டுப்பாடும் வேறுபட்டதைத் தொகுத்துரைக்கிறார். சிலர் உயிருள்ளவை அனைத்தையும் விலக்கினர்; சிலர் மீனை மட்டும் ஏற்றனர்; சிலர் மீனோடு பறவையையும் ஏற்றனர்.

அண்டை வீட்டாரின் சாட்சியம்

இக்காலத்தின் உயிர்நிலையை அறிய விரும்புவோர் எருசலேமுக்குச் செல்லவேண்டும். அங்கே 380-களில் யாத்திரை சென்ற எஜேரியா என்னும் பெண்மணி, தாம் கண்டவற்றைத் தம் நாட்டுத் தோழியர்க்கு விரிவாக எழுதியுள்ளார். எருசலேமில் நோன்பு எட்டு வாரம் நீண்டது. சனியும் ஞாயிறும் நீங்கலாக, வாரத்துக்கு ஐந்து நாள் நோற்றனர்.

அந்நாட்களில் ஈஸ்டருக்கு முந்திய இரவே ஞானஸ்நானம் பெறுவதற்குரிய சிறப்பு வேளை. அதற்கு விண்ணப்பித்தோரின் பெயர்கள் தவக்காலத் தொடக்கத்தில் ஏட்டிற் பதியப்பட்டன. மறுநாள் ஆயர் நடுவில் அமர்வார். விண்ணப்பித்தவர் ஒவ்வொருவராக அழைத்து வரப்படுவர். ஆயர் அவர்களின் அண்டை வீட்டாரை நோக்கி வினாக்களைத் தொடுப்பார்: இவர் நல்வாழ்வு வாழ்கிறாரா? பெற்றோரை மதிக்கிறாரா? குடிப்பழக்கம் உடையவரா? அண்டை வீட்டார் கூறும் விடை நன்றாயின் பெயர் ஏட்டில் ஏறும். இல்லையேல், திருந்திய பின் வருக என்று அனுப்பப்படுவார். அயலூரிலிருந்து வந்தவராயின், தம்மை அறிந்தவர்களின் சாட்சியம் இல்லாதவிடத்து எளிதில் ஏற்கப்படமாட்டார் என்றும் எஜேரியா குறிக்கிறார்.

பிறந்த ஊரை விட்டு நெடுந்தொலைவு வந்து குடியேறியுள்ள நாம் இவ்விடத்தை இருமுறை படித்தல் தகும். ஒருவன் தன்னைப் பற்றித் தானே கூறும் சொல் அங்கே கணக்கில் இல்லை. பக்கத்து வீட்டார் அவனைப் பற்றி என்ன கூறுகின்றனர் என்பதே கணக்கு. ஏழு வாரம் நாள்தோறும் மூன்று மணி நேரம் ஆயர் அவர்களுக்குப் போதித்தார். 350-ஐ ஒட்டி எருசலேமில் சிரில் என்பார் ஆற்றிய அத்தகைய போதனைகள் இன்றும் நூல் வடிவில் உள்ளன. புதியவர்கள் ஆயத்தமாகும்போது, முன்னரே சபையைச் சேர்ந்தவர்களும் அவர்களுக்குத் துணையாக நோற்றனர். ஊரார் அனைவர்க்கும் உரிய நோன்பாகத் தவக்காலம் விரிந்ததற்கு இது ஒரு காரணம்.

சாம்பலும் குருத்தோலையும்

மற்றொரு காரணம் பாவத்தீர்வு செய்தோர். கொலை, விபசாரம், நம்பிக்கையை மறுதலித்தல் போன்ற பெருங்குற்றம் புரிந்தவர்கள், சாக்குத்துணி உடுத்துச் சாம்பல் பூசித் தவக்காலத் தொடக்கத்தில் சபையினின்று பிரித்து நிறுத்தப்பட்டனர். பெரிய வியாழனன்று அவர்கள் மீண்டும் உள்ளே அழைத்துக்கொள்ளப்பட்டனர். காலப்போக்கில் வெளிப்படையான இத்தண்டனை மறைந்தது. சாம்பல் மட்டும் நின்றது. குற்றவாளி என்று சிலரைச் சுட்டி நிறுத்துவது ஒழிந்து, ஆயரும் அரசரும் உழவரும் வரிசையில் நின்று சாம்பல் பெறும் வழக்கம் எழுந்தது. 1091-இல் பெனவென்தோ நகரிற் கூடிய சங்கத்தில் பாப்பரசர் இரண்டாம் உர்பன் இதனை எல்லார்க்கும் உரியதாக ஆக்கினார்.

சென்ற ஆண்டுக் குருத்து ஞாயிறன்று பெற்ற ஓலைகளை எரித்தே இச்சாம்பல் செய்யப்படுகிறது. தமிழ்நாட்டில் தென்னங்குருத்தைச் சிலுவையாக முடைந்து வீட்டில் ஓராண்டு வைத்திருந்து, பின்னர்க் கோயிலில் சேர்ப்பர். தென்னையைக் காண அரிதான ஊர்களில் ஈச்ச ஓலையும் பயன்படும். தமிழ்க் கத்தோலிக்கர் இந்நாளை விபூதிப் புதன் என்றும், திருநீற்றுப் புதன் என்றும், சாம்பற் புதன் என்றும் வழங்குகின்றனர். நெற்றியில் நீறு அணிதல் என்பதன் பொருள் தமிழர்க்கு எவரும் கற்பிக்க வேண்டியதன்று. எனவே சொல்லும் இரவல் பெற வேண்டியதாயிற்றில்லை.

உணவும் அறமும்

பழங்கால நோன்பு கடுமையானது. நாளுக்கு ஒரு வேளை, அதுவும் மாலை வழிபாட்டுக்குப் பின்னரே உண்டனர். இறைச்சியோடு முட்டை, பால், வெண்ணெய் ஆகியனவும் பல நாடுகளில் விலக்கப்பட்டன. நாளடைவில் அவ்வொரு வேளை உணவு மாலையினின்று பிற்பகலுக்கும், பின்னர் நண்பகலுக்கும் நகர்ந்தது. இரவில் சிறிது உண்ணவும் இடம் பிறந்தது. ஈஸ்டரன்று முட்டை தரும் வழக்கத்துக்கு, நாற்பது நாளும் உண்ணாது விட்ட முட்டைகள் வீட்டிற் குவிந்தமையும் ஒரு காரணமாகக் கூறப்படுகிறது.

ஆனால் வயிற்றைக் காயவிடுதல் மட்டுமே நோக்கமாயிருந்ததில்லை. 440 முதல் 461 வரை ஆண்ட பாப்பரசர் பெரிய சிங்கராயர் தம் தவக்கால உரைகளில், நோன்பாளி தனக்கு மறுத்த உணவு ஏழையின் உணவாதல் வேண்டும் என்பதைப் பலமுறை வலியுறுத்தினார். 590 முதல் 604 வரை ஆண்ட பெரிய கிரகோரியார் அழகியதொரு கணக்குக் காட்டினார். ஞாயிறுகள் நீங்கலாக ஆறு வாரத்தில் நோன்பு நாட்கள் 36. ஆண்டின் நாட்களை ஏறத்தாழ 360 எனக் கொண்டால் இது பத்தில் ஒரு பங்கு. விளைச்சலில் பத்தில் ஒன்றைக் காணிக்கையாக்குவதுபோல, வாழ்நாளிலும் பத்தில் ஒன்றைக் கொடுக்கிறோம் என்றார் அவர். அவர் காலத்துக்குப் பின்னர், நாற்பதை நிரப்புதற்பொருட்டு முன்னே நான்கு நாட்கள் சேர்க்கப்பட்டன. தவக்காலம் புதன்கிழமை தொடங்குவதன் காரணம் இதுவே.

உழைப்பாளரையும் வழிநடப்போரையும் சபை மறந்ததில்லை. 13-ஆம் நூற்றாண்டின் பேரறிஞர் தோமா அக்குவினார், தவிர்க்கவியலாத பயணமும் கடும் உழைப்பும் மேற்கொள்வோர்க்கு நோன்பு கடமையாகுமா என்பதைத் தனியே ஆராய்ந்து, அவர்க்கு விலக்கு உண்டு என்று முடிவு கூறியுள்ளார். இரவு முழுதும் எஞ்சினில் நிற்போரும், வெயிலில் பாதை செப்பனிடுவோரும் நிறைந்த நம் காலனிக்கு இது நினைவில் இருத்தற்குரியது.

விதி வணிகமான கதை

விதி நின்று நோக்கம் நீங்கினால் என்ன நிகழும் என்பதற்கும் வரலாற்றில் சான்று உண்டு. ஐரோப்பாவின் வடபகுதியில் சமையலுக்கு எண்ணெய் அரிது, வெண்ணெயே மிகுதி. பொருள் கொடுத்துத் தவக்காலத்தில் வெண்ணெய் உண்ண அனுமதி பெறும் வழக்கம் அங்கே பரவியது. பிரான்சின் ரூவான் நகரப் பேராலயத்தில் 15-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழத் தொடங்கிய கோபுரத்துக்கு வெண்ணெய்க் கோபுரம் என்றே பெயர். அவ்வனுமதிப் பணத்தால் அது எழுந்தது என்பது வழிவழி வந்த செய்தி. 1520-இல் மார்ட்டின் லூத்தர் இவ்வனுமதி வாணிகத்தைக் கடுமையாகச் சாடினார்.

1522-ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் ஒரு நிகழ்ச்சி நடந்தது. பிரோஷவர் என்னும் அச்சக உரிமையாளரின் இல்லத்தில் சிலர் வெளிப்படையாகவே இறைச்சித் தொத்தல்களைப் பகிர்ந்துண்டனர். பிராங்க்பர்ட் சந்தைக்கு நூல் முடிக்க இரவும் பகலும் வேலை இருப்பதால் கூழ் மட்டும் உண்டு காலந்தள்ள இயலவில்லை என்று அவர் நகர சபைக்கு விடையிறுத்தார். உடனிருந்தும் உண்ணாதிருந்த சுவிங்லி என்னும் போதகர், உணவைத் தெரிந்துகொள்ளும் உரிமையைப் பற்றி உரை நிகழ்த்தினார். சுவிட்சர்லாந்தில் சீர்திருத்த இயக்கம் வெளிப்படையாகத் தொடங்கியது இந்நிகழ்ச்சியோடு என்பர். 1563-இலோ இங்கிலாந்தின் பாராளுமன்றம் புதன்கிழமையையும் மீன் உண்ணும் நாளாக்கியது. மீனவர் தொழிலும் கப்பற்படையும் செழிப்பதே அதன் நோக்கம். இதனைச் சமயக் கடமை என்று எவரேனும் கூறினால் தண்டனை உண்டு என்றும் அச்சட்டமே விதித்தது.

ஆயினும் சீர்திருத்தச் சபைகள் எல்லாம் இக்காலத்தைக் கைவிட்டுவிடவில்லை. லூத்தரன் சபையாரும் ஆங்கிலிக்கன் சபையாரும் கட்டாயத்தைத் தளர்த்திக் காலத்தைப் போற்றினர். 1947-இல் அமைந்த தென்னிந்தியத் திருச்சபையும் லெந்து காலத்தைத் தன் ஆண்டு வழிபாட்டு முறையில் கொண்டுள்ளது. வேறு சில சபைகள் இதனை ஏற்பதில்லை. நாள் குறித்து நோற்றல் தேவையில்லை என்பது அவர்கள் கொள்கை.

நம் நாட்டில்

இந்தியாவில் இந்நோன்பின் பழமை கேரளத்தில் விளங்குகிறது. தோமா அப்போஸ்தலரின் வழிவந்தோர் என்று தம்மைக் கூறிக்கொள்ளும் சிரியன் கிறிஸ்தவர்கள் இதனை அம்பது நோன்பு என்பர். ஈஸ்டருக்கு ஏழு வாரம் முந்திய ஞாயிறு முதல் ஈஸ்டர் ஞாயிறு வரை, இருபுறமும் சேர்த்து எண்ணினால் ஐம்பது. சீரோ மலபார் சபையினர் விபூதி பெறுவது புதனன்று அன்று, திங்களன்று. மலையாள நண்பர் இருநாள் முந்தி நோன்பு தொடங்குவது இதனாலேயே. இறைச்சி, மீன், முட்டை, பால் அனைத்தும் விலக்குதல் பழைய முறை. மரச்சிலுவை சுமந்து மலையாற்றூர் மலையேறுவோர் பலர். பெரிய வியாழன் இரவு இல்லத்தின் மூத்தவர் பெசகா அப்பத்தைப் பிட்டு அனைவர்க்கும் வழங்குவார். அவ்வாண்டில் சாவு நிகழ்ந்த வீட்டில் அப்பம் சுடுவதில்லை. அண்டை வீட்டார் கொணர்ந்து கொடுப்பர். எருசலேமில் சாட்சி கூறிய அண்டை வீட்டார், இங்கே அப்பம் ஏந்தி வாயிலில் நிற்கக் காண்கிறோம்.

தமிழகத்தில் 1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி என்னும் தத்துவ போதகர், புலால் நீக்கி, நாளுக்கு ஒரு வேளை சோறும் காய்கறியும் உண்டு வாழ்ந்தார். அவர் வழியில் வந்த ஜான் தெ பிரிட்டோ என்னும் அருளானந்தரும் புலால் உண்ணாத துறவியாகவே மறவர் நாட்டில் உலவினார். 1647-இல் லிஸ்பன் நகரிற் பிறந்த அவர், 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டுண்டு உயிர் துறந்தார். 1947-இல் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பெற்றது.

அந்நாளைக் கணக்கிட்டுப் பார்த்தோம். 1693-இல் ஈஸ்டர் மார்ச் 22. எனவே பிப்ரவரி 4 சாம்பற் புதன். சாம்பற் புதன் வரக்கூடிய நாட்களுள் அதுவே மிக முந்தியது. 1761-லும் 1818-லும் அவ்வாறு வந்தது. இனி வருவது 2285-இல்தான். தவக்காலத்தின் முதல் நாள் அம்மனிதர்க்கு வாழ்வின் இறுதி நாளாயிற்று.

தமிழ்க் கத்தோலிக்க இல்லங்களில் வழங்கிய இரு சொற்களைக் குறிப்பிடாமல் மேற்செல்லலாகாது. ஒன்று ஒருசந்தி, ஒரு வேளை மட்டும் நிறைவாக உண்ணும் நோன்பு. மற்றொன்று சுத்தபோசனம்; புலால் நீக்கிய உணவு. ஒருசந்தி என்னும் சொல்லை, அம்மனுக்கும் முருகனுக்கும் விரதம் இருப்போரும் வழங்குவர். சமயம் வேறாயினும் பசி ஒன்று. பசிக்கு நம் பாட்டியர் இட்ட பெயரும் ஒன்று. நகரங்களில் வளரும் நம் பிள்ளைகள் இவ்விரு சொற்களையும் கேட்டறியாதவராய் வளர்கின்றனர். சொல் போனால் வழக்கம் போக நெடுங்காலம் ஆகாது.

இன்றைய நிலை

1963 டிசம்பர் 4 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட வழிபாட்டு ஆவணம், தவக்காலத்தின் இரு கூறுகளை நினைவூட்டியது: ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமாதல் ஒன்று, மனந்திரும்புதல் மற்றொன்று. தவம் தனிமனிதனின் உள்ளத்தோடு நில்லாமல் சமுதாயத்திலும் வெளிப்படல் வேண்டும் என்றும் அது கூறியது. 1966-இல் பாப்பரசர் ஆறாம் பவுல் நோன்பு விதிகளைப் பெரிதும் தளர்த்தினார். கத்தோலிக்கரின் பொது விதிப்படி இன்று கட்டாய ஒருசந்தி நாட்கள் சாம்பற் புதனும் பெரிய வெள்ளியும் ஆகிய இரண்டே. பதினெட்டு வயது நிரம்பியோர் அறுபதாம் வயது தொடங்கும்வரை அதற்குக் கடமைப்பட்டவர்.

இத்தளர்ச்சியோடு மற்றொன்று வளர்ந்தது. 1958-இல் ஜெர்மானிய ஆயர்கள் மிசெரேயோர் என்னும் அமைப்பை நிறுவித் தவக்காலக் காணிக்கையைத் தொலைநாட்டு ஏழைகளுக்கு அனுப்பத் தொடங்கினர். 1962-இல் இந்திய ஆயர்கள் காரித்தாஸ் இந்தியாவை நிறுவினர். தவக்காலத்தில் பசிப்பிணி ஒழிப்புக்கென நிதி திரட்டுதல் அதன் பணிகளுள் ஒன்று. பெரிய சிங்கராயரின் பழைய சொல் இவ்வாறு மீண்டும் செயலாயிற்று.

விதி நாற்பதினின்று இரண்டாகச் சுருங்கியபின், எஞ்சிய முப்பத்தெட்டு நாட்கள் யாருடையவை? அவை குடும்பங்களின் விருப்பத்துக்கு விடப்பட்டுள்ளன. ஊரில் இருந்தவரையில் கோயில் மணியும் உறவினர் கண்ணும் வழக்கத்தைக் காத்தன. இங்கே மணியோசை எட்டாத குவார்ட்டர்சுகள் பல. கணவருக்கு இரவுப் பணி, மனைவிக்கு அலுவலகம், பிள்ளைகளுக்குத் தேர்வு என்று நாட்கள் ஓடுகின்றன. சில ஆண்டுகளுக்கொருமுறை மாறுதல் உத்தரவு வந்து ஊரே மாறிவிடுகிறது. இந்நிலையில் விட்டுவிடுதல் எளிது. விட்டுவிட்டதை எவரும் கேட்கப்போவதில்லை என்பதே அதனை மேலும் எளிதாக்குகிறது.

ஆயினும் வரலாறு நமக்குக் காட்டியது யாது? இந்நோன்பு பிறந்தபோது அரசாணையும் இல்லை, ஒரே விதியும் இல்லை. ஊருக்கு ஊர் வேறுபட்டும் அது வாழ்ந்தது. விதி மிகக் கடுமையாயிருந்த நூற்றாண்டுகளிலேயே வெண்ணெய்க்கு விலை பேசப்பட்டது. எனவே விதி குறைந்ததால் நோன்பு அழியும் என்று அஞ்ச வேண்டியதில்லை. அதனைத் தாங்கி நின்ற தூண்கள் மூன்று: நாற்பது நாள் தொடங்குமுன் பகையைத் தீர்த்தல், அண்டை வீட்டார் நல்லவர் என்று கூறுமாறு வாழ்தல், தான் உண்ணாததைப் பசித்தவர்க்கு ஈதல். இம்மூன்றும் இல்லாத இடத்தில் எஞ்சுவது பத்தியச் சாப்பாடே.

இம்மூன்றில் எதற்கும் பேராலயம் வேண்டியதில்லை. மாறுதல் உத்தரவு எதனையும் தடுப்பதில்லை. தண்ணீர்க் குழாயடியிலும் சைக்கிள் நிறுத்துமிடத்திலும் விளைந்த மனத்தாங்கல், ஆண்டுக்கணக்கில் பேசாதிருக்கும் இரு வீடுகள் என்பன எந்தக் காலனியிலும் உண்டு. நிசேயாவிற் கூடிய ஆயர்கள் நாற்பது நாட்களுக்கு முன் தீர்க்க விரும்பியவை இத்தகைய மனக்கசப்புகளே. நோன்பிருக்கும் இல்லத்தார் அதனை அண்டை வீட்டுக்குச் சொல்லிவைத்தால், பிரியாணி விருந்துக்கு அழைத்து மறுப்புக் கேட்டு வருந்தும் நிலை எவர்க்கும் நேராது. அண்டை வீட்டார் கேட்டு அறிந்துகொண்டால், ஈஸ்டரன்று வரும் பலகாரத் தட்டின் பொருளும் அவர்களுக்கு விளங்கும்.

வரும் மாசியிற் சாம்பல் அணிந்த நெற்றியோடு ஒருவர் நம் வாயிலைக் கடந்து பணிக்குச் செல்வார். ஆயத்தமாகும் மனிதர் அவர் என்று அறிந்து வணக்கம் கூறுவோம். அயலூரில் நமக்குச் சாட்சி சொல்ல நம் அண்டை வீட்டாரே உள்ளனர்.